வரைபடம் வரைதலும் கட்டற்ற மென்பொருளும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அளத்தலின் அருமையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். ஆயினும், அளந்து குறித்து வைத்தல் மட்டும் அறிவு ஆகிவிடாது. அளந்தவற்றை ஒழுங்குபட நிறுத்தி, அவை தமக்குள் கொண்டுள்ள உறவு யாது என நோக்குங்கால்தான் அளவு அறிவாக மாறுகின்றது. அந்நோக்கத்திற்குக் கண்ணாக அமைவது வரைபடம். எண்கள் நிரம்பிய பட்டியலொன்றை ஒரு நாழிகை உற்று நோக்கியும் புலப்படாத உண்மை, ஒரு கோட்டை வரைந்த அளவிலே கண்ணிற் பட்டுவிடுவதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம்.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் வந்து பயிலும் மாணாக்கர் சிலர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டனர். “ஐயா, வரைபடம் வரைவதற்கென விற்கப்படும் மென்பொருளை வாங்க எங்களுக்குப் பொருள் வசதியில்லை. நண்பர் ஒருவர் அதனைத் திருட்டுப் பிரதியாக எடுத்துத் தருவதாகச் சொல்கின்றார். பெற்றுக்கொள்ளலாமா?” என்பதே அக்கேள்வி. ஒரு சொல்லில் விடை கூறி அவர்களை அனுப்பியிருக்கலாம். ஆயினும் அக்கேள்வியினுள் விஞ்ஞானம், பொருளாதாரம், ஒழுக்கம் ஆகிய மூன்றும் பின்னிக் கிடத்தலின், இக்கட்டுரையின் வாயிலாகச் சற்று விரிவாகவே விடை கூறக் கருதினோம்.

1. வரைபடத்தின் வரலாறு

ஒரு புள்ளியின் இடத்தை இரண்டு எண்களாற் குறிக்கலாம் என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். கணிதமும் உருவமும் கைகோத்தது அப்பொழுதே. எனினும், உலகியற் செய்திகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டும் வழக்கம் பரவுதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது. ஸ்காட்லாந்து நாட்டினராகிய வில்லியம் பிளேபேர் என்பார் 1786-இல் லண்டன் நகரில் அச்சிட்ட நூலொன்றில் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோட்டுப் படங்களாக வரைந்து காட்டினார். பட்டைப்படமும் அந்நூலிலேயே இடம்பெற்றது. வட்டத்தைக் கூறுகளாகப் பகுத்துக் காட்டும் படத்தை அவர் 1801-இல் வெளியிட்டார்.

படத்தின் வலிமையை அரசாங்கமும் உணருமாறு செய்தவர் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரரினும், தடுக்கத்தக்க நோய்களால் மாண்டவரே மிகப் பலர் என்பதை 1858-இல் அவர் ஒரு படத்தால் விளக்கினார். எண்களாக மட்டும் இருந்தால் ஏட்டினுள் உறங்கிக் கிடக்கக்கூடிய ஓர் உண்மை, படமாக வரையப்பட்டமையால் அதிகாரிகளின் கண்ணெதிரே நின்று பேசிற்று. வரைபடம் அலங்காரமன்று; அது சான்று கூறும் வாய் என்பதை மாணாக்கர் முதற்கண் உளங்கொள்ளுதல் வேண்டும்.

2. ஒரு சோதனையும் ஒரு பிழையும்

பௌதிகம் பயில்வோர் யாவரும் செய்து பழகும் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, 20 அலைவுகளுக்கு ஆகும் காலத்தைக் குறிக்கின்றோம். அலைவு நேரத்தின் வர்க்கம் நீளத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது விதி. ஆகவே, நீளத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தின் வர்க்கத்தை நிலை அச்சிலும் கொண்டு வரைந்தால் நேர்கோடு ஒன்று கிடைத்தல் வேண்டும். அக்கோட்டின் சாய்வைக் கொண்டு 39.48 என்னும் எண்ணை வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் கிடைக்கும்.

மாணாக்கர் ஒருவர் குறித்த அளவுகள் இவை. நீளம் 40, 60, 80, 100, 120 செண்டிமீட்டர்; அவற்றிற்கு நேரே 20 அலைவுகளுக்கான காலம் 25.4, 31.1, 34.1, 40.2, 44.0 வினாடி. அவர் கணிப்பொறியில் எண்களைப் பெய்து, வரைபடம் ஏதும் வரையாமலே, சாய்வை மட்டும் கணக்கிட்டார். சாய்வு 4.04 எனவும், முடுக்கம் 9.78 எனவும் கிடைத்தன. நம் பகுதியில் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 9.78 என்பது நூல்களாலும் தெரிகின்றது. மாணாக்கர் பெருமகிழ்ச்சி கொண்டார். “படம் எங்கே?” என்று வினவினோம். “விடை சரியாக வந்துவிட்டதே, ஐயா, படம் எதற்கு?” என்றார்.

படத்தை வரையச் செய்தோம். நான்கு புள்ளிகள் நூல் பிடித்தாற்போல் ஒரு கோட்டில் நின்றன. நடுவிலுள்ள 80 செண்டிமீட்டர்ப் புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே தாழ்ந்து கிடந்தது. மாணாக்கரின் முகம் வாடிற்று. “இப்புள்ளியை நீக்கிவிடட்டுமா? அல்லது 34.1 என்பதை 35.9 எனத் திருத்திக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். இரண்டும் கூடாது என்றோம். மறுநாள் அதே நீளத்திற்கு மும்முறை அளந்து பார்த்தார். மும்முறையும் 35.9 வினாடிக்கு அண்மையிலேயே கிடைத்தது. முதல்நாள் அவர் 19 அலைவுகளை எண்ணிவிட்டு 20 எனக் கொண்டிருந்தார் போலும். 19 அலைவுகளுக்குரிய காலம் 34.1 வினாடியே ஆகும் என்று கணக்கும் காட்டிற்று. பழைய அளவை அடிக்காமல், அதன் பக்கத்தில் காரணத்தை எழுதி, புதிய அளவையும் குறித்து வைத்தார். அம்மாணாக்கரின் சோதனைக் குறிப்பேட்டில் மிகச் சிறந்த பக்கம் அதுவே என்பது எம் கருத்து.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பிழைபட்ட அளவைக் கொண்டும் முடுக்கம் எவ்வாறு சரியாக வந்தது? ஐந்து நீளங்களுள் 80 என்பது நட்ட நடுவில் நிற்பது. மீச்சிறு வர்க்க முறையில் நடுப்புள்ளி மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் கோடு முழுவதும் சற்று ஏறி இறங்குமேயன்றி, சாய்வு மாறாது. அதே பிழை 120 செண்டிமீட்டர் அளவில் நேர்ந்திருந்தால், முடுக்கம் 11-க்கும் மேலாக வந்திருக்கும். ஆகவே, சரியான விடை சரியான சோதனைக்குச் சான்றாகாது. எண் மறைத்த பிழையைப் படம் காட்டிக் கொடுத்தது.

இதனினும் வியப்பான எடுத்துக்காட்டொன்றைப் புள்ளியியல் அறிஞர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் வெளியிட்டார். அவர் நான்கு பட்டியல்கள் அமைத்தார். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கின் சராசரியும், பரவலும், பொருந்தும் நேர்கோடும் ஏறத்தாழ ஒன்றே. வரைந்து பார்த்தாலோ, ஒன்று சாதாரண நேர்கோட்டுப் போக்கு, மற்றொன்று வளைகோடு, வேறொன்றில் ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு விலகி நிற்கும், இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளியே கோட்டின் சாய்வு முழுவதையும் நிர்ணயிக்கும். கணக்கிடுமுன் வரைக என்பதே அதன் படிப்பினை.

3. கைவரைவிலிருந்து கணிப்பொறிக்கு

கட்டமிட்ட தாளில் கூரிய பென்சிலால் வரையும் பழக்கத்தை நாம் ஒருபொழுதும் இகழோம். அளவுத்திட்டம் தெரிந்தெடுத்தல், அச்சுக்குப் பெயரும் அலகும் இடுதல் ஆகியவற்றைக் கை பழகியபின்னரே கணிப்பொறியை நாடுதல் நன்று. ஆயினும் ஐந்து புள்ளிகளுக்குப் பதிலாக ஐயாயிரம் புள்ளிகள் இருப்பின் கை என் செய்யும்? அந்நிலையில் உதவுவன வரைபட மென்பொருள்கள். அவற்றுள் எவரும் விலையின்றிப் பெற்று, திறந்து பார்த்து, திருத்தி, பிறர்க்கு வழங்கத்தக்கவாறு அமைந்தவற்றுட் சிலவற்றை ஈண்டு அறிமுகம் செய்கின்றோம்.

முதலாவது, குனுபிளாட். தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்னும் இருவர் 1986-இல் இதனைத் தொடங்கினர். பெயரில் குனு என்னும் சொல் இருப்பினும் இது குனு திட்டத்தைச் சேர்ந்ததன்று. பெயர் ஒற்றுமை தற்செயலே. இதனைப் பயன்படுத்தும் முறை மிக எளிது. நீளங்களை ஒரு நிரலாகவும் காலங்களை மற்றொரு நிரலாகவும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, ‘பிளாட்’ என்னும் ஏவற்சொல்லையும் கோப்பின் பெயரையும் இட்டால் படம் தோன்றிவிடும். ‘பிட்’ என்னும் ஏவற்சொல் பொருத்தமான கோட்டைக் கண்டுபிடித்து, சாய்வையும் அச்சாய்வில் உள்ள ஐயப்பாட்டின் அளவையும் தரும். பழைய கணிப்பொறியிலும் இது தடையின்றி இயங்கும்.

இரண்டாவது, மேட்பிளாட்லிப். ஜான் ஹண்டர் என்பார் நரம்பியல் ஆராய்ச்சியாளர். வலிப்பு நோயுற்றாரின் மூளையில் எழும் மின்னலைகளைப் படமாகக் காண விரும்பியவர். தம் தேவைக்கேற்ற கருவி கிட்டாமையால், பைதான் மொழியில் தாமே ஒன்றை இயற்றி 2003-இல் யாவர்க்கும் வழங்கினார். அவர் 2012-இல் இளமையிலேயே காலமானார். அவர் இட்ட வித்தோ உலகெங்கும் பலரால் பேணப்பட்டு வளர்ந்து வருகின்றது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகம் முதன்முறை கண்ட கருந்துளையின் படத்தை உருவாக்கிய விஞ்ஞானிகளின் கருவிகளுள் இதுவும் ஒன்று. அதே கருவி விழுப்புரத்து மாணாக்கனின் ஊசல் சோதனைக்கும் விலையின்றிக் கிடைக்கின்றது என்பது எண்ணி மகிழத்தக்கதன்றோ?

மூன்றாவது, ஆர் என்னும் மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் இதனைத் தோற்றுவித்தனர்; முதற் பதிப்பென முழுமை பெற்றது 2000-ஆம் ஆண்டில். புள்ளியியல், உயிரியல், வேளாண்மை பயில்வோர்க்கு இஃது ஏற்றது. இதனுள் அமையும் ஜிஜிபிளாட்2 என்னும் பகுதியை ஹேட்லி விக்காம் 2007-இல் வெளியிட்டார். வரைபடத்திற்கும் மொழியைப் போலவே இலக்கணம் உண்டு. அச்சு, அளவுத்திட்டம், வடிவம், நிறம் ஆகிய உறுப்புகளை விதிப்படி புணர்த்தினால் எத்தகைய படமும் அமையும் என்பது அதன் கொள்கை. எழுத்தும் சொல்லும் மட்டுமன்றிப் பொருளுக்கும் இலக்கணம் கண்ட தமிழர்க்கு இக்கொள்கை அயலாகத் தோன்றாது.

ஏவற்சொற்களைக் கண்டு அஞ்சுவோர் லேப்பிளாட், சைடேவிஸ் என்பவற்றை நாடலாம். இவற்றில் சுட்டியை அசைத்தே படம் வரையலாம். லிபர் ஆபீசின் கணக்குத்தாளும் தொடக்க நிலையினர்க்குப் போதும். ஆயினும் சிறிது முயன்று ஏவற்சொல் முறையைக் கற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். என்னை? ஏவல்களை வரிசையாக எழுதி ஒரு கோப்பில் வைத்தால், அக்கோப்பே அப்படம் பிறந்த வரலாறாக நிற்கும். எந்தப் புள்ளி நீக்கப்பட்டது, எந்த அளவுத்திட்டம் கொள்ளப்பட்டது என்பன யாவும் அதில் எழுத்தாக இருக்கும். ஓராண்டு கழித்து மற்றொருவர் அதே அளவுகளைக் கொண்டு அதே படத்தை மீண்டும் வரைந்து சரிபார்க்கலாம். சுட்டியால் வரைந்த படத்திலோ, கை செய்த மாற்றங்கள் பல சுவடின்றி மறைந்துபோதல் கூடும்.

4. ‘கட்டற்ற’ என்பதன் பொருள்

கட்டற்ற மென்பொருள் என்றவுடன், இலவசமாகக் கிடைப்பது என்று மட்டும் பலர் கருதுகின்றனர். அது முழுப்பொருளன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். அவரால் தோன்றிய இயக்கம் நான்கு உரிமைகளை வலியுறுத்துகின்றது. எக்காரியத்திற்கும் மென்பொருளை இயக்கும் உரிமை. அது செயற்படும் முறையை ஆராய்ந்து திருத்தும் உரிமை. பிரதி எடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை. தாம் திருத்தியதையும் வெளியிடும் உரிமை. இவற்றிற்கு மூலநிரல் எவரும் படிக்கத்தக்கவாறு திறந்திருத்தல் இன்றியமையாதது.

விஞ்ஞானத்திற்கும் இவ்வுரிமைகளுக்கும் உள்ள தொடர்பு ஆழமானது. ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் சோதித்து அறிதலே விஞ்ஞானத்தின் உயிர்நிலை. சோதனையைத் திறந்து காட்டிவிட்டு, கணக்கிட்ட கருவியை மட்டும் பூட்டி வைத்தால் அச்சோதித்தல் முழுமையாகுமா? கோடு எம்முறையால் பொருத்தப்பட்டது, பிழை எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதை ஐயுறுவார்க்குத் திறந்த மூலநிரல் விடை கூறும். சமையற்குறிப்பை மறைத்து உணவை மட்டும் தருதல் ஒரு முறை. குறிப்பையும் உடன் தந்து, ‘நீங்களும் சமைத்துப் பாருங்கள்’ என்பது மற்றொரு முறை. கல்விக்கூடத்திற்கு உரியது இரண்டாவதே.

விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் தீயன என்று யாம் கூறவில்லை. அவற்றுள் மிகச் சிறந்தன உண்டு. அவற்றை இயற்றியோர் தம் உழைப்புக்குக் கூலி கேட்டல் நியாயமே. அந்நியாயத்தை ஒப்புக்கொள்வதனாலேயே அவற்றைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்தல் தவறு என்கின்றோம். அன்றியும், அதனால் நேரும் இடரும் பெரிது. யாம் அறிந்த ஆராய்ச்சி மாணாக்கர் ஒருவர் அத்தகைய பிரதியொன்றில் தம் படங்கள் முப்பதையும் வரைந்து வைத்திருந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கையில் அப்பிரதி இயங்க மறுத்தது. படங்கள் அம்மென்பொருளுக்கே உரிய வடிவத்தில் கிடந்தமையால் வேறெதனாலும் திறக்க இயலவில்லை. மூலக் குறிப்புகளைத் தேடியெடுத்து, இரவு பகலாக எல்லாவற்றையும் மீண்டும் வரைந்தார். தம் உழைப்பின் சாவி பிறர் கையில் இருந்ததை அவர் அன்றுதான் உணர்ந்தார்.

5. நம் நாட்டிலும் நம் ஊரிலும்

இக்கருவிகள் யாவும் மேல்நாட்டார் தந்தவை, நாம் கொள்வோரேயன்றிக் கொடுப்போர் அல்லேம் என்று கருதுதல் வேண்டா. மாயாவி என்னும் மென்பொருளை இயற்றியவர் பிரபு இராமச்சந்திரன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். பின்னர் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வானூர்திப் பொறியியற் பேராசிரியரானவர். காற்றும் நீரும் பாயும் முறையை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று பரிமாணங்களிலும் படமாகக் காட்ட வல்லது அக்கருவி. நம் மொழியிலும் வழங்கும் மாயாவி என்னும் பெயரைத் தாங்கி அஃது உலகின் பல சோதனைச்சாலைகளில் உலவுகின்றது.

அம்மும்பைக் கழகத்திலேயே, மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உதவி பெற்று, பாசி என்னும் திட்டம் தோன்றிற்று. கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருள்களைப் பரப்புவதே அதன் நோக்கம். அங்கே உருவான பேச்சுவழிப் பாடங்கள் பல இந்திய மொழிகளில் கேட்கக் கிடைக்கின்றன. தமிழும் அவற்றுள் ஒன்று. ஆங்கிலம் தடையாக நிற்கும் மாணாக்கர் தம் தாய்மொழியிலேயே கேட்டு, உடனுக்குடன் செய்து பார்த்துக் கற்கலாம். கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளும் நூல்களும் வெளியிட்டு வருகின்றது.

விழுப்புரத்தில் நிகழும் பணி நமக்கு இன்னும் அண்மையது. விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு என்னும் பெயரால் இளைஞர் பலர் கூடி, சிற்றூர்களிலிருந்து வரும் மாணாக்கர்க்குக் கட்டற்ற மென்பொருளையும் கணிப்பொறிக் கலையையும் கற்பித்து வருகின்றனர். பெருநகரங்களில்தான் இத்தகைய கல்வி கிட்டும் என்னும் எண்ணத்தை அவர்களுடைய முயற்சி பொய்யாக்கிற்று. கற்றவர் மீண்டும் வந்து கற்பித்தலே கட்டற்ற மென்பொருளின் இயல்புக்கு ஏற்ற மரபாகும். பெற்றதைத் திருப்பி வழங்குதல் அதன் உயிர்.

இன்னும் ஒன்று. தமிழக அரசு 2011-இல் மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபொழுது, சென்னையிலுள்ள சீடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றது. எத்தனை பேர் அதனைத் திறந்து பார்த்தனர்? வீட்டிலே கிணறு இருக்க, குடத்தோடு அயலூர் செல்வார் போல், கையிலுள்ள கருவியை அறியாமல் திருட்டுப் பிரதிக்கு அலைந்தோர் பலரை யாம் கண்டிருக்கின்றோம்.

6. எச்சரிக்கைகள் சில

கருவி நன்றாயினும் கைக்கொள்வோர் விழிப்பாக இல்லையேல் படம் பொய் சொல்லும். நம் வட்டாரத்து எடுத்துக்காட்டுகளைக் கொண்டே இதனை விளக்குவோம்.

பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியை அடுத்துக் கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செண்டிமீட்டர் அளவு மழை கொட்டிற்று. நம்மவர் அவ்வெள்ளத்தை மறந்திரார். அவ்வாண்டின் மழையை நாள்தோறும் படமாக வரைய விரும்பும் மாணாக்கர் இரண்டு இடர்களைச் சந்திப்பர். முதலாவது, நாட்கணக்கு. நம் நாட்டு வானிலைத் துறையினர் மழையைக் காலை 8.30 மணிக்கு அளந்து, அதற்கு முந்திய 24 மணி நேரத்து மழையை அளந்த நாளின் பெயரிலேயே குறிப்பர். ஆகவே நவம்பர் 30 பகலும் இரவும் பெய்த பெருமழை டிசம்பர் 1-ஆம் நாளின் கணக்கில் தோன்றும். இவ்வழக்கை அறியாதார், புயல் கடந்த மறுநாளே மழை பெய்தது என்று படத்தைப் பார்த்து முடிவு கட்டுவர். ஆதலின் எண்ணைப் பெறுமுன், எவ்வாறு அளந்தனர் என்று கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, அளவுத்திட்டம். 510 மில்லிமீட்டர்ப் பட்டை ஒன்று வானளாவி நின்றால், 10 மில்லிமீட்டர் மழை பெய்த நாட்கள் தரையோடு தரையாய் மறையும். உழவர்க்கோ அச்சிறு மழையும் உயிரே. மடக்கை அளவுகோலை நாடலாமெனின், மழையற்ற நாளின் சுழியத்திற்கு அதில் இடமில்லை. ஆதலின் ஒரே தாளில் இரண்டு படங்களை மேலும் கீழுமாக அமைத்து, ஒன்றில் முழு அளவையும் மற்றொன்றில் 50 மில்லிமீட்டர் வரையுள்ள பகுதியையும் காட்டி, அவ்வாறு செய்ததை அடியில் எழுதுதல் நேர்மையான வழி.

மூன்றாவது எடுத்துக்காட்டு நிலக்கடலை பற்றியது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த நிலக்கடலை வகைகள் டி.எம்.வி. என்னும் எழுத்துக்களால் வழங்குகின்றன. அவ்வெழுத்துக்கள் திண்டிவனத்தையே குறிப்பன. டி.எம்.வி. 2 என்னும் வகை 1940-இல் வெளியிடப்பட்டு, தென்னாட்டில் நெடுங்காலம் பயிரிடப்பட்டது. இரண்டு வகைகளை ஒப்பிடுவோர், ஒன்று ஏக்டேருக்கு 1,800 கிலோவும் மற்றொன்று 1,900 கிலோவும் விளைந்ததாகக் கண்டனர் என்று எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். பட்டைப்படத்தின் அடியைச் சுழியத்தில் தொடங்காமல் 1,750-இல் தொடங்கினால், முதற்பட்டை 50 அளவும் இரண்டாவது 150 அளவும் உயர்ந்து நிற்கும். நூற்றுக்கு ஆறுக்கும் குறைவான வேறுபாடு மும்மடங்காகக் கண்ணை ஏமாற்றும். அதனை நம்பி விதை வாங்கும் உழவரின் இழப்புக்கு யார் பொறுப்பு? எண்கள் பொய்யல்ல, படமே பொய்த்தது. அளவிலே உள்ள ஐயப்பாட்டைக் காட்டும் பிழைக்கோடுகளையும் பட்டையின் தலையில் இட்டுவிட்டால், அவ்வேறுபாடு மெய்யானதோ தற்செயலானதோ என்பதைப் படிப்போர் தாமே உய்த்துணர்வர்.

நிறத்திலும் கவனம் வேண்டும். வானவில்லின் ஏழு நிறங்களையும் வாரி இறைத்த படம் அழகாகத் தோன்றும். ஆனால் இல்லாத எல்லைகளை இருப்பனபோற் காட்டும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறியமாட்டாதாரும் நம்மிடையே உளர். இதனை உணர்ந்தே மேட்பிளாட்லிப்பை வளர்ப்போர் 2017-இல் பழைய வானவில் வரிசையை விலக்கி, ஒளி சீராக ஏறும் விரிடிஸ் என்னும் நிற வரிசையை இயல்பாக அமைத்தனர். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் அதன் பொருள் கெடுவதில்லை.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். “திருட்டுப் பிரதியைப் பெற்றுக்கொள்ளலாமா?” என்று கேட்ட மாணாக்கருக்கு எம் விடை இது. வேண்டா, வேண்டுவதற்குத் தேவையும் இல்லை. நேர்மையான வழியே ஈண்டு எளிய வழியாகவும், விலையற்ற வழியாகவும், கல்விக்கு மிகுதியும் உகந்த வழியாகவும் அமைந்திருக்கின்றது. வறுமை காரணமாக எவரும் குறுக்கு வழி செல்ல வேண்டிய நிலையை முகமறியா அறிஞர் பலர் தம் உழைப்பால் நீக்கி வைத்துள்ளனர். அவர்கள் நம்மிடம் கேட்கும் கைம்மாறு பணமன்று. கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தலும், பிழை கண்டால் அறிவித்தலும், இயன்றால் திருத்தி வழங்கலுமே.

வருகின்ற விடுமுறையில் மாணாக்கர் ஒவ்வொருவரும் இக்கருவிகளுள் ஒன்றைத் தம் கணிப்பொறியில் அமைத்துக்கொண்டு, தம் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தையோ, தம் வயலின் விளைவையோ, தம் வீட்டு மின்கட்டணத்தையோ திங்கள்தோறும் அளந்து வரைந்து பார்ப்பாராக. கோட்டைவிட்டு விலகி நிற்கும் புள்ளியொன்றைக் கண்டால் அதனை அழிக்க விரையாதிருப்பாராக. அப்புள்ளி ஒன்று நம் பிழையைச் சொல்லும். அன்றேல் நாம் இதுகாறும் அறியாத உண்மையைச் சொல்லும். இரண்டும் கேட்கத்தக்கனவே.